சினைப்பருவத்தை வெப்பம் என்று எழுதாதீர்கள்

போன வாரம் சாயல்குடிப் பக்கம் ஓர் ஆட்டுக் கிடையில் கீதாரி (மந்தையை நடத்தும் மூத்த மேய்ப்பர்) ஒருவர் தன் செல்போனுக்கு வந்த குறிப்பைக் காட்டினார். 'பெண் ஆடு வெப்பத்தில் இருக்கும்போது கிடாவுடன் சேர்க்கவும்' என்று இருந்தது. "ஏன் தம்பி, உச்சி வெயில்ல கிடாவ விடச் சொல்றாகளே, அதுவே உடைமர நெழல் தேடி நிக்குமே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. எழுதியவர் சொல்ல வந்தது, ஆடு கிடாவை ஏற்கும் பருவத்தை. ஆங்கிலத்தில் அதைச் சூடு என்று சொல்வது வழக்கம் என்பதால் அதை அப்படியே தமிழில் இறக்கிவிட்டார். ஆடுகளின் இனப்பெருக்கத்தையும் ஒட்டுண்ணி நோய்களையும் ஆராய்வது என் வேலை. இந்த 'வெப்பம்' கண்ணில் படாத மாதமே இல்லை.

அறிவியல் பெயர் ஈஸ்ட்ரஸ். கிரேக்கத்தில் 'ஒய்ஸ்ட்ரோஸ்' என்றால் மாட்டைக் கடித்துத் துரத்தும் ஈ. அந்தக் கடியில் வரும் வெறிக்கும் அதே சொல். 1900-இல் வால்டர் ஹீப் என்ற ஆங்கிலேயர் பாலூட்டிகளின் பருவச் சுழற்சிக்கு இதை வைத்துப் பெயர்களை வகுத்தார். 1758-லேயே லின்னேயஸ் இதே சொல்லை ஆட்டின் மூக்கில் புழு வைக்கும் ஈக்குச் சூட்டியிருந்தார்: ஈஸ்ட்ரஸ் ஓவிஸ். புழு ஏறிய ஆடு தும்மும், மூக்கைத் தரையோடு அழுத்தி நிற்கும். என் இரண்டு வேலைக்கும் மூலம் ஒரே ஈதான். அந்தச் சொல்லின் பொருளில் வெப்பம் கிடையாது.

'அப்போது உடம்பு கொஞ்சம் சுடத்தானே செய்கிறது' என்று ஒரு நண்பர் வாதாடினார். சுடலாம். காய்ச்சல் கண்டாலும் சுடும். யாரும் உடம்பைத் தொட்டுப் பார்த்துப் பருவத்தைக் கண்டுபிடிப்பதில்லை. வெள்ளாடு கத்தும், வாலை ஆட்டும், சரியாக மேயாது. செம்மறி இவ்வளவும் காட்டாது. நம் இராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியில் கிடா முகர்ந்து சொன்னால்தான் உண்டு. செம்மறிக்கு ஏறத்தாழ 17 நாளுக்கு ஒருமுறை, வெள்ளாட்டுக்கு 21 நாளுக்கு ஒருமுறை வந்து, ஒன்றரை நாள் அளவில் முடிந்துவிடும். அந்த நேரம் தவறினால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். இவ்வளவு குறுகிய காலத்தைக் குறிக்கும் சொல் கேட்டவுடனே விளங்க வேண்டாமா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடும் வெயிலின் தாக்கத்தில் கால்நடைக்கு வரும் நலிவை வெப்ப அயர்ச்சி என்கிறோம். அது வந்தால் பருவ அறிகுறிகள் மங்கும், சினை பிடிப்பதும் குறையும். இதை 'வெப்பம்' கட்சிக்காரர் எழுதினால் 'வெப்பத்தால் வெப்பம் குறையும்' என்றுதான் வரும். கோடையில் காலை பத்து மணிக்கே மணல் சுடுகிற இந்தக் கடற்கரையில் இதை யார் விளங்கிக்கொள்வார்கள்? சிலர் 'மதம்' என்கிறார்கள். தமிழில் அது ஆண் யானைக்குப் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆட்டுக்கிடாவுக்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நான்கு பெயரைத் தொல்காப்பிய மரபியல் தருகிறது. ஆட்டை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த மொழிக்கு இரவல் சூடு எதற்கு?

நம்மிடம் இருப்பது சினை. இலக்கணத்தில் உறுப்பு, மரத்தில் கிளை, ஏர்வாடியிலும் கீழக்கரையிலும் மீன் வாங்குகிறவர்களுக்கு மீன் முட்டை, ஆட்டிலும் மாட்டிலும் கரு. ஒன்றிலிருந்து கிளைத்து வருவது என்று இவற்றைச் சேர்த்துப் பார்க்கலாம். சினைக்குத் தயாரான பருவம் சினைப்பருவம். கால்நடைத் துறை வெளியீடுகளில் இந்தச் சொல் வெகுகாலமாக இருக்கிறது. பேச்சில் 'பருவத்துக்கு வந்திருக்கு' என்றால் போதும்.

ஆனால் சினைப்பருவம் வேறு, சினைக்காலம் வேறு. பின்னது குட்டி வயிற்றில் வளரும் சுமார் ஐந்து மாதம். குடற்புழு நீக்கத்துக்கான ஒரு மொழிபெயர்ப்பில் இரண்டையும் மாற்றி எழுதியிருந்ததைப் பார்த்துப் பதறிப்போனேன். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தைக் கொடுக்கக் கூடாது, குட்டி ஊனமாகப் பிறக்கலாம். 'சினைப்பருவத்தில் தவிர்க்கவும்' என்று படித்தவர் அந்த ஒன்றரை நாளைக் கழித்துவிட்டு, கிடா சேர்ந்த அடுத்த வாரமே மருந்தை ஊற்றுவார். மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியைப் புரட்டும் முன் ஒரு நாள் கிடையில் வந்து நிற்க வேண்டும், ஆடு மேய்க்கிறவர் பேசுவதைக் கேட்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கீதாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "பருவத்துக்கு வந்தா கிடாவச் சேருன்னு எழுத வேண்டியதுதான?" என்றார். எங்கள் மந்தைப் பதிவேட்டில் 'வெப்பத் தேதி' என்றிருந்ததை அன்று மாலையே அடித்துவிட்டு 'பருவத்துக்கு வந்த நாள்' என்று எழுதினேன்.