எயார் பிடித்தால் தமிழில் என்ன சொல்வது?

ஜேர்மனியில் இருக்கிற மருமகள் போன மாரியில் ஒரு நாள் இரவு அழைத்தாள். "மாமா, எங்கட ஹைசுங் கீழ சுடுது, மேல ஐஸ் மாதிரிக் கிடக்கு. உள்ளுக்கு தண்ணி களக் களக் எண்டு சத்தம் வேற. வீட்டுக்காரர் என்ட்லுஃப்ட்டன் செய்யச் சொல்லுறார். அதுக்குத் தமிழில என்ன சொல்லுறது?"

ஹைசுங் என்று அவள் சொன்னது, சுடுதண்ணீரைக் குழாய் வழியே ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கும் ஏற்பாட்டை. இலங்கையின் வன்னியில், விசுவமடுவில் மிளகாய்க்கும் கச்சானுக்கும் தண்ணீர் இறைத்தே பாதி வாழ்நாளைக் கழித்தவனுக்கு அதைப்பற்றி என்ன தெரியும்? இங்கே சித்திரை வெயிலில் வீட்டைக் குளிராக்கத்தான் வழி தேடுகிறோம். ஆனால் நோய் எனக்கு உடனே விளங்கிவிட்டது. "எயார் பிடிச்சிருக்கு, பிள்ளை" என்றேன். தண்ணீர் இறைக்கும் பம்புக்குள் காற்றுப் புகுந்து சிக்கிக்கொண்டால் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"அது இங்கிலீஷ் எல்லோ?" என்றாள். சனிக்கிழமைகளில் அங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவள். லேசில் விடமாட்டாள்.

எயார் ஆங்கிலம்தான். கிரேக்கத்தில் பிறந்து, இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். நாங்கள் எயார் என்கிறோம், தமிழ்நாட்டில் ஏர் என்கிறார்கள். அந்த எழுத்தில் 'ஏர் பிடித்தது' என்று எழுதினால் கலப்பை பிடித்து உழுதவர்தான் நினைவுக்கு வருவார், அது வேறு சிக்கல். ஆனால் சொற்றொடரின் மறுபாதி, 'பிடித்தல்', அசல் தமிழ். துரு பிடிக்கும், பாசி பிடிக்கும், சளி பிடிக்கும், பேய்கூடப் பிடிக்கும். வேண்டாத ஒன்று வந்து ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று நிற்பதற்கு நம்மிடம் உள்ள வினை இது. ஆங்கிலம் இதே நிலையை 'எயார் லொக்' என்று பூட்டாகப் பார்க்கிறது. விண்கலத்திலும் நீர்மூழ்கியிலும் இரண்டு கதவுகளுக்கு இடையே இருக்கும் அறைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். அகராதியைப் பார்த்துக் 'காற்றுப்பூட்டு' என்று எழுதுகிறவர்கள் அந்த அறையைச் சொல்கிறார்களா, நின்றுபோன பம்பைச் சொல்கிறார்களா என்று வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும்.

பம்பில் நடப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் சொல் தானாக வரும். கிணற்றுக்குள் விட்ட உறிஞ்சு குழாயில் ஒரு பொருத்து இளகியிருக்கும். வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு என்பதால், அந்த ஓட்டை தண்ணீரை விடாது, காற்றைக் குடிக்கும். பம்பின் சக்கரம் தண்ணீரைத்தான் வீசி எறியும். காற்றுக்கு எடை போதாது, சக்கரத்துக்கு அகப்படாது. மெசின் வழக்கத்தைவிட இலேசாக, கீச்சென்று ஓடும். வாய்க்காலில் தண்ணீர் இராது. தொண்ணூறுகளில் போரோடு வந்த பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே வயிறு எரியும். பொருத்து ஒவ்வொன்றிலும் சவர்க்கார நுரையைப் பூசுவோம். எந்த இடத்தில் நுரை உள்ளே இழுபடுகிறதோ அங்கேதான் கோளாறு. பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி அங்கே இறுக்கிச் சுற்றி, பம்பின் வாயில் தண்ணீர் நிரப்பி, மறுபடி இழுத்தால் சரி.

மருமகள் வீட்டில் நடந்ததும் இதன் உறவுதான். தண்ணீரில் எப்போதும் கொஞ்சம் காற்று கரைந்திருக்கும். சூடேற ஏற அது பிரியும். கேத்தில் கொதிக்க முன்னரே அடியில் சிறு குமிழிகள் ஒட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். அந்தக் குமிழிகள் குழாய் வழியே போய், அறையில் சூடு பரப்பும் ரேடியேற்றர் என்ற இரும்புப் பெட்டியின் உச்சியில் சேர்ந்து குந்திவிடும். சுடுதண்ணீர் அதற்குமேல் ஏறாது. கீழே சூடு, மேலே குளிர்.

இன்னொன்றும் உண்டு. உள்ளே சேர்வது காற்று மட்டுமல்ல. ஒட்சிசன் குறைந்த தண்ணீரில் இரும்பு அரிக்கும்போது காந்தத்தில் ஒட்டும் ஒரு கறுப்புச் சேறும் ஐதரசன் வாயுவும் உண்டாகும். ஐதரசன் எரியும். அதனால் காற்றை வெளியே விடும்போது பக்கத்தில் சிகரெட்டோ மெழுகுதிரியோ இருக்கக் கூடாது. மாதத்துக்கு ஒரு தடவை விடவேண்டி வந்தால் உள்ளே இரும்பு தின்னப்படுகிறது, அல்லது எங்கோ ஒழுகிப் புதுத்தண்ணீர் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். புதுத்தண்ணீர் புது ஒட்சிசனைக் கொண்டுவரும், அது இன்னும் அரிக்கும்.

இங்கேதான் எனக்குச் சொல்லில் இடறியது. எங்கள் பாடப்புத்தகத் தமிழில் வளி என்றால் நாம் சுவாசிக்கும் காற்று. வாயு என்றால் பொதுவாக எந்த வாயுவும். அப்படியானால் ஐதரசன் சேர்ந்ததை 'வளி' என்பது பிழை, 'வாயு' என்பதே சரி. வாயு சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, சனம் அதை வாய்வு ஆக்கியது. ஆனால் 'வாயுப்பிடிப்பு' என்று எழுதிப் பாருங்கள். வாய்வுக்குத் தின்னும் உள்ளிதான் நினைவுக்கு வரும். முதுகில் பிடித்தாலும் நெஞ்சில் குத்தினாலும் நம்மூரில் அதுதானே பெயர்.

ஆனால் அந்த நினைவில்தான் விடை இருந்தது. உடம்பில் வாய்வு பிடிக்கிறது, மூச்சு பிடிக்கிறது, இடுப்பு பிடிக்கிறது. வாயுப்பிடிப்பு, மூச்சுப்பிடிப்பு என்று பெயர்ச்சொல்லும் தயாராக இருக்கிறது. பம்பில் எயார் பிடித்தது என்று முதலில் சொன்ன வன்னிக்காரன் மெசினை ஒரு நோயாளியாகப் பார்த்துத்தான் சொல்லியிருப்பான் என்பது என் எண்ணம். வளியும் வெறும் காற்று மட்டுமாக இருந்த சொல் அல்ல. 'மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர் வளிமுதலா எண்ணிய மூன்று' என்கிற குறளில் வளி என்பது வாதம், உடம்புக்குள் ஓடுவது. ஆகவே வளிப்பிடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். வளியடைப்பு என்பாரும் உண்டு, பிழையில்லை. ஆனால் அடைப்பு என்றால் குப்பை அடைத்த குழாய்தான் எனக்குக் கண்ணில் வரும்.

"சரி மாமா, அது நோய். என்ட்லுஃப்ட்டன் எண்டால் வைத்தியம் எல்லோ?" என்றாள். லுஃப்ட் காற்று, முன்னால் வரும் என்ட் நீக்கலைக் குறிக்கும் என்று அவளே விளக்கினாள். ஆங்கிலக்காரர் இதற்கு 'இரத்தம் வடியவிடுதல்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அதை அப்படியே தமிழாக்கினால் பிள்ளைகள் பயந்துபோவார்கள்.

இதற்கும் வன்னியில் சொல் இருக்கிறது. டீசல் முடிந்து நின்ற லாண்ட்மாஸ்ரருக்கு, அதாவது இரண்டு சில்லு உழவு மெசினுக்கு, தாங்கியை நிரப்பினால் மட்டும் போதாது. டீசல் போகும் வழியில் உள்ள சிறு நட்டை இளக்கி, நுரை நுரையாக வருவதை வடியவிட்டு, குமிழி இல்லாமல் வரும்போது இறுக்க வேண்டும். அதற்கு 'எயார் எடுக்கிறது' என்போம். முள் எடுக்கிறோம், சுளுக்கு எடுக்கிறோம், அதுபோல. பிடித்ததை எடுக்கிறது. வளியெடுத்தல் என்றால் யாருக்கும் விளங்கும்.

செய்முறையும் ஏறக்குறைய அதேதான். சூடாக்கியை நிறுத்தி ஆறவிட வேண்டும். ரேடியேற்றரின் மேல்மூலையில் உள்ள சிறு திருகைச் சாவியால் கால்வாசி சுற்று இளக்க வேண்டும், கீழே துணியும் ஒரு கோப்பையும் பிடித்தபடி. உஸ் என்று காற்று வரும். பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வரும். ஒழுங்காக வரத் தொடங்கியதும் இறுக்கிவிடலாம். அதன்பின் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். சாதாரண வீடுகளில் ஆறிய நிலையில் 1 பாருக்கும் 2 பாருக்கும் இடையில் நிற்கும், காற்றை விட்டதும் அது இறங்கும். 1 பார் என்பது ஏறக்குறைய 10 மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தம். எந்தப் பம்பும் கிணற்றில் 10 மீற்றருக்குக் கீழிருந்து உறிஞ்சாததற்கும் அந்தக் கணக்குத்தான் காரணம். நடைமுறையில் 7, 8 மீற்றரே பெரிது. ஆழக் கிணறென்றால் பம்பையே உள்ளே இறக்குவோம்.

இரண்டு கிழமை கழித்து மறுபடி அழைத்தாள். அழுத்தம் தானாக இறங்குகிறதாம். லீக் என்பதற்குத் தமிழில் ஒழுக்கு சரியா, கசிவு சரியா என்று கேட்டாள். தமிழில் இதற்கு அளவுக்கொரு சொல் இருக்கிறது. கூரை ஒழுகும், சொட்டுச் சொட்டாக எண்ணலாம். குளக்கட்டு கசியும், சொட்டுத் தெரியாது, மண் ஈரமாக இருக்கும். வாய்க்கால் பொசியும், நெல்லுக்கு இறைத்தது புல்லுக்கும் 'பொசியுமாம்' என்று ஔவை பாடியது அதைத்தான். குளக்கட்டில் கசிவு கண்டால் அன்றிரவு ஊரே நித்திரை கொள்ளாது.

ஒவ்வொரு பொருத்திலும் கடதாசித் துவாலையைச் சுற்றி வைத்துப் பார்க்கச் சொன்னேன். காலையில் படம் அனுப்பினாள். ஒன்றில் மட்டும் சல்லிக்காசளவு பழுப்புக் கறை.

"கசிவு" என்று எழுதி அனுப்பினேன். வீட்டுக்காரரிடம் அதை ஜேர்மன் மொழியில் எப்படிச் சொன்னாளோ, மறுநாள் ஆள் வந்து நட்டை இறுக்கிவிட்டுப் போனாராம்.