இன்க்ளூஷன் – உளப்படுத்தல்

கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகளின் கொள்கை அறிக்கைகளில் சமத்துவம், பன்மைத்துவம், இன்க்ளூஷன் என்ற மூன்றும் சேர்ந்தே வருகின்றன. முதலிரண்டும் தமிழில் வேரூன்றிவிட்டன. யாரையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்வதைக் குறிக்கும் மூன்றாவதுதான் தடுமாறுகிறது.

இதன் மூலச்சொல் 'இன்க்ளூதெரே' என்னும் லத்தீன் வினை. உள்ளே வைத்து அடைத்தல் என்று பொருள். கன்னியர் மடத்தின் அடைப்பைக் குறிக்கும் 'க்ளௌசூரா'வும் இதே வேரில் முளைத்ததுதான். பெண் துறவியர் மடத்துச் சுவருக்குள்ளேயே வாழவேண்டும் என்று 1563-இல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் வலியுறுத்தியது. அந்த அடைப்பை ஏற்காமல் சிறுமியருக்குக் கற்பிக்கப் புறப்பட்டவர் இங்கிலாந்தின் மேரி வார்ட். 1609-இல் அவர் தொடங்கிய சபையை 1631-இல் திருத்தந்தை எட்டாம் அர்பன் கலைத்தார். ஆனாலும் அந்த மரபு அழியவில்லை. அதில் வந்த லொரேட்டோ சகோதரிகள் இன்று பல நாடுகளில் பெண்கள் பள்ளிகளை நடத்துகிறார்கள். அடைபட மறுத்தவரின் வழிவந்த பள்ளிகளில், அடைத்தலில் பிறந்த சொல் வரவேற்பைக் குறிப்பது எனக்குத் தீராத வியப்பு.

தமிழில் 'உள்ளடக்கிய கல்வி' என்பது புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் 'அடக்கு' உட்கார்ந்திருக்கிறது. அடக்கமாயிரு என்று கேட்டே வளரும் சிறுமியிடம் இந்தச் சொல்லை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. 'ஒருங்கிணைப்பு' வேறு பொருள்; அங்கே புதிதாக வருபவள்தான் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பொருத்தமான சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. பேசுபவர் பிறரையும் தம்மோடு சேர்த்துச் சொல்வது உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நாம்' என்றால் அவரும் உள்ளே. ஆகவே இன்க்ளூஷன் என்பதற்கு உளப்படுத்தல் என்பேன்.

'நாங்கள் பிற சமய மாணவியரையும் வரவேற்கிறோம்' என்ற அறிவிப்பில் அன்பு உண்டு. ஆனாலும் அந்த மாணவி விருந்தாளியாகவே நிற்கிறாள். கத்தோலிக்கம் என்பதன் கிரேக்க மூலமான 'காத்தோலிகோஸ்' முழுமைக்கும் உரியது, பொதுவானது என்றே பொருள்படும். உளப்படுத்தலுக்காகப் பள்ளி தன் திருப்பலி வழிபாட்டைக் கைவிட வேண்டியதில்லை. திருப்பலி நேரத்தில் அமைதியாக அமர்ந்திருக்கும் முஸ்லிம் மாணவியும், சிற்றாலயப் படிகளின் கீழே சக்கர நாற்காலியில் காத்திருக்கும் மாணவியும் 'நம் பள்ளி' என்று சொல்லும்போது, தலைமையாசிரியையின் 'நம்'மில் அவர்களும் இருக்கவேண்டும். அப்படி இருந்தால், அந்தப் படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டும் பேச்சு சக்கர நாற்காலி மாணவி கேட்பதற்கு முன்பே எழும்.