‘யார் சொன்னது?’: பேச்சு எழுதும் வேலைக்கு வருகிறவர்களுக்கு

தலைவர்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் வேலைக்கு ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் கேட்பது, கைதட்டல் வாங்கும் வரியை எப்படி எழுதுவது என்றுதான். அது பழகப் பழக வந்துவிடும். அடுத்தவர் வரியை எப்படிக் கையாள்வது என்பதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஆள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

1987-இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் ஜோ பைடன் இருந்தார். ‘ஆயிரம் தலைமுறையில் எங்கள் குடும்பத்தில் நான்தான் முதலில் பல்கலைக்கழகம் போனேன், ஏன்?’ என்கிற பொருளில் பிரிட்டன் தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக் பேசியது அவருக்குப் பிடித்துப்போனது. சில கூட்டங்களில் கின்னக் பெயரைச் சொல்லியே அதை எடுத்தாண்டார். ஆகஸ்டில் அயோவா விவாதத்தின் முடிவுரையில் பெயர் விடுபட்டது. கின்னக் வீட்டுக் கதை பைடன் வீட்டுக் கதையாகிவிட்டது! போட்டியாளர் டுகாக்கிஸின் பிரசார மேலாளர் ஜான் சாஸோ, இரண்டு பேச்சும் அடங்கிய வீடியோவைப் பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்தார். சட்டக் கல்லூரியில் மூலம் குறிப்பிடாமல் எழுதிய பழைய கட்டுரையும் கிளம்பியது. செப்டம்பர் 23-இல் பைடன் போட்டியிலிருந்து விலகினார். (சாஸோவின் பதவியும் போனது தனிக்கதை.)

நான் பார்த்தவரை, நேரம் குறைந்தால் முதலில் பலியாவது ‘இன்னார் ஒருமுறை சொன்னார்’ என்ற தனி வாக்கியம்தான். ‘அஞ்சு நிமிஷத்துல முடிங்க’ என்று மேடையில் துண்டுச்சீட்டு வந்தால் தலைவர் அதைத் தாண்டிவிடுவார். அதனால் பெயரை வரியின் நடுவிலேயே கோத்துவிடுவேன். பெயரை எடுத்தால் வாக்கியமே நிற்கக் கூடாது. தாளில் அந்த வரி அடுத்த பக்கத்துக்கு உடையாமலும் பார்த்துக்கொள்வேன்.

குறிப்பேட்டிலும் கவனம் வேண்டும். 2016-இல் மெலானியா டிரம்பின் உரையில் மிஷெல் ஒபாமாவின் 2008 உரை வரிகள் புகுந்தன. மெலானியா போனில் வாசித்த மிஷெலின் வரிகளைக் குறித்துக்கொண்டதாகவும், மிஷெலின் உரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்றும் எழுதிக் கொடுத்தவரே பிறகு அறிக்கை விட்டார். மூலம் எழுதாமல் குறித்து வைத்த வரி, கொஞ்ச நாளில் நமக்கே நம் வரி போலத் தோன்றும்.

நம்மூரில் தொல்லை வேறு மாதிரி. வாட்ஸ்அப்பில் ‘கலாம் சொன்னார்’, ‘விவேகானந்தர் சொன்னார்’ என்று வரும். அவர்கள் எங்கே சொன்னார்கள் என்று தேடினால் கிடைக்காது. மூலம் கையில் இல்லாத மேற்கோளை நான் சேர்ப்பதில்லை. தலைவர் விடாப்பிடியாக நின்றால் அதே இடத்தில் ஒரு குறளை வைத்துவிடுவேன். அதற்கு எண் இருக்கிறது. சரி, அந்த எண்ணையும் ஒருமுறை புத்தகத்தில் பார்த்துவிடுங்கள். போலிக் குறளும் உலவுகிறது.