ஊசி முனையில் நொடிக்கு ஆயிரம் கணக்கு

‘மெய்நிகர் காட்சி (VR) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காற்றில் ஊசி குத்திப் பழகினால், நிஜ முதுகில் குத்தக் கை வருமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வெறும் காற்றில் குத்தினால் வராது. அதனால்தான் எபிடூரல் என்னும் முதுகு ஊசிக்கான பயிற்சிக் கருவிகளில் அந்த ஊசியை ஒரு சிறிய இயந்திரக் கையில் பொருத்துகிறார்கள். கண்ணுக்குக் காட்சி தருவது ஹெட்செட். விரலுக்குத் தடை தருவது அந்தக் கையிலுள்ள மோட்டார்கள்.

பிரசவ வலியைக் குறைக்கப் போடும் இந்த ஊசி தோல், கொழுப்பு, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள நார்கள் எல்லாம் கடந்து, கடைசியாக லிகமென்டம் ஃப்ளேவம் என்னும் மஞ்சள் நார்ப்பட்டையைத் துளைக்க வேண்டும். பெரும்பாலோருக்கு 4 முதல் 6 செ.மீ. ஆழம். ஊசியில் செருகிய சிரிஞ்சில் சலைன் (உப்புநீர்) இருக்கும். முனை நாருக்குள் இருக்கும்வரை அதை அழுத்த முடியாது. தாண்டியதும் சட்டென்று இறங்கும். அந்தக் கணமே கை நின்றாக வேண்டும். சில மில்லிமீட்டர் கூடிப்போனால் தண்டுவட உறை துளையாகி, நீர் கசிந்து, பாதிப் பேருக்கு மேல் கடும் தலைவலி வரும். (இந்த ஊசியால் ஆயுசுக்கும் முதுகுவலி என்று ஊரில் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை.)

கருவியின் சூட்சுமம் எலும்பில் படும்போதுதான் விளங்கும். கணினிக்கு எலும்பு ஒரு ஸ்பிரிங்: முனை எவ்வளவு புதைந்ததோ அவ்வளவுக்குத் திருப்பித் தள்ளு. காட்சியைப் போலவே நொடிக்கு 90 முறை மட்டும் இதைக் கணக்கிட்டால், இரண்டு கணக்குகளுக்கு நடுவே 11 மில்லிநொடி போய்விடும். நொடிக்கு 1 செ.மீ. நகரும் முனை அதற்குள் 0.11 மி.மீ. புதைந்திருக்கும். அற்பமாகத் தெரியலாம். ஆனால் உள்ளே போகும்போது மோட்டாரிடம் இருப்பது பழைய, குறைந்த ஆழம். அதனால் குறைவாகத் தடுக்கிறது. வெளியே வரும்போதும் பழைய கணக்குதான், இப்போது அது கூடுதல் ஆழம்; அதனால் அதிகமாகத் தள்ளுகிறது. ஆக, வாங்கிய ஆற்றலை வட்டியோடு திருப்பித் தருகிறது அந்த எலும்பு! ஒவ்வொரு மோதலிலும் வட்டி சேர்ந்து, ஊசி கையில் வண்டுபோல் ரீங்கரிக்கும். நொடிக்கு 1000 முறை கணக்கிட்டால் புதைவது 0.01 மி.மீ. மட்டுமே. மிஞ்சும் சொற்ப ஆற்றலைக் கருவியின் மூட்டு உராய்வும் பிடித்திருக்கும் விரல்களுமே விழுங்கிவிடும். ஊசி கல்லில் பட்டதுபோல் நிற்கும்.

மென்திசுவுக்கு வெறும் ஸ்பிரிங் போதாது. முனை அழுத்த அழுத்த நார் முதலில் உள்வாங்கும், தடை ஏறும். கிழிந்ததும் சட்டென விழும். ஆனால் பூஜ்யத்துக்கு விழாது. ஊசித் தண்டைச் சுற்றிலும் திசு கவ்விக்கொண்டிருக்கும். ஆழம் கூடக் கூடப் பிடியும் இறுகும். மென்பொருளில் இந்த உராய்வைச் சேர்க்காவிட்டால், நார் விடும் உணர்வு அளவுக்கு மீறித் தெளிவாக இருக்கும். அதில் பழகியவர் நிஜ முதுகில் அந்த மெல்லிய மாற்றத்தைத் தவறவிடுவார்.

2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், திரையில் பழகிய பயிற்சி மருத்துவர்கள் பழகாதவர்களைவிடப் பித்தப்பையை 29% வேகமாகப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் கருவியில் தொடு உணர்வே கிடையாது. சிறு துளைகள் வழியே செய்யும் இவ்வகை அறுவையில் (லேப்ரோஸ்கோப்பி) கை வலப்பக்கம் போனால் முனை இடப்பக்கம் போகும். அந்தத் தலைகீழ் அசைவைப் பழகப் படமே பெரிதும் உதவும். எபிடூரலில் பழக வேண்டியது விரல். ஆகவே கல்லூரிகள் பளபளக்கும் காட்சிக்குப் பணத்தைக் கொட்டுவதற்கு முன், ஊசியை எலும்பில் அழுத்திப் பார்க்கட்டும், நடுங்கினால் வேண்டாம். பிறகு 5 செ.மீ. உள்ளே விட்டு மெல்லப் பின்னுக்கு இழுக்கட்டும். வழுக்கிக்கொண்டு வந்தால், தண்டின் உராய்வைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அர்த்தம்.