ஓட்டையைச் சுற்றிக் கட்டப்படும் கல்

ஒரு கல்லில் 0.55 நானோமீட்டர் அகலத்துக்கு ஓட்டை போட வேண்டும். ஒன்றிரண்டு இல்லை, ஒரு சிட்டிகைத் தூளுக்குள்ளேயே கோடானுகோடி. எல்லாம் அச்சு பிசகாமல் ஒரே அளவில் இருக்க வேண்டும். இதற்கு எந்தத் துளைக்கருவியும் உதவாது. ஆனால் பெட்ரோலிய ஆலைகள் அன்றாடம் பயன்படுத்தும் இசட்எஸ்எம்-5 என்ற வினையூக்கி இப்படிப்பட்ட ஒரு கல்தான். அதைச் செய்யும் வழியே தலைகீழானது. ஓட்டையில் உட்கார வேண்டிய மூலக்கூறை முதலில் போட்டுவிட்டு, அதைச் சுற்றிக் கல்லைக் கட்டுகிறார்கள்.

கல்லின் சரக்கு ஏறக்குறைய மணலின் சரக்குதான்: சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கா. ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு ஆக்சிஜன்களோடு கைகோத்து நிற்கும். குவார்ட்ஸ் மணலில் இந்தக் கட்டமைப்பு நெருக்கமாக இருக்கிறது. ஜியோலைட் குடும்பத்துக் கற்களில் இதே கட்டமைப்பு நடுவில் அறைகளும் சந்துகளும் விட்டு விரிகிறது. இயற்கையிலும் ஜியோலைட்டுகள் உண்டு. இசட்எஸ்எம்-5 ஆய்வகத்தில் பிறந்தது. மொபில் நிறுவனத்தின் ஆர்கௌர், லேண்டோல்ட் இருவர் பெயரில் 1972இல் காப்புரிமை வந்தது.

செய்முறைக்கு வருவோம். சிலிக்கா கரைசல், கொஞ்சம் அலுமினிய உப்பு, காஸ்டிக் சோடா, தண்ணீர். இவற்றோடு முக்கியமான சரக்கு டெட்ராபுரோப்பைல் அமோனியம். நடுவில் ஒரு நைட்ரஜன், அதிலிருந்து நான்கு பக்கமும் மூன்று கார்பன் நீளத்துக்குக் கைகள். எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கினால் வெள்ளையாக ஒரு கூழ் வரும். டெஃப்லான் உள்கூடு வைத்த எஃகுக் கலத்தில் ஊற்றி, இறுக்கி மூடி, 170 டிகிரி அளவில் ஓரிரு நாள் அடுப்பில் விடுவார்கள். உள்ளே சிலிக்கா கரைந்து கரைந்து மறுபடி கோக்கும். அப்படிக் கோக்கும்போது அந்த நான்கு கை மூலக்கூறைச் சுற்றி வளைந்துகொள்ளும். படிகத்தில் நேரான சந்துகளும் வளைந்து நெளியும் சந்துகளும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. வெட்டும் முனையில் நைட்ரஜன் உட்கார்ந்திருக்க, இரண்டு கைகள் நேர்ச்சந்திலும் இரண்டு கைகள் வளைசந்திலும் நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கு வேதியியலில் மிகவும் பிடித்த காட்சி இது.

இங்கே அவசரமும் ஆகாது, மறதியும் ஆகாது. சீக்கிரம் திறந்தால் வெறும் கூழ். அளவுக்கு மீறி விட்டுவைத்தால் நிலையான நெருக்கமான வடிவத்தை நோக்கிச் சிலிக்கா நகர ஆரம்பிக்கும். துளைக்கல்லுக்குப் பதில் குவார்ட்ஸ் கிடைக்கும். வேலையைச் சுருக்க, முந்தைய முறை செய்த படிகத்தில் கொஞ்சம் எடுத்துக் கலப்பதுண்டு, பாலுக்கு உறை ஊற்றுவது போல.

வடிகட்டிக் கழுவிய தூளில் சந்துகள் எல்லாம் இன்னும் அடைபட்டே இருக்கும். உள்ளே உட்கார்ந்தவர் முனைகளில் வகையாக மாட்டிக்கொண்டதால் வெளியே வர முடியாது. அதனால் 550 டிகிரியில் காற்றோட்டத்தில் எரித்து விடுவார்கள். அமீன் வாடை கிளம்பும். புகைபோக்கி இல்லாத அறையில் செய்யக்கூடிய வேலை இல்லை.

சரி, ஓட்டை தயார். வினையூக்கும் திறன் எங்கிருந்து வருகிறது? அலுமினியத்திலிருந்து. நான்கு பிணைப்பு கொண்ட சிலிக்கானின் இடத்தில் அலுமினியம் உட்கார்ந்தால் அங்கே ஒரு எதிர்மின்சுமை மிஞ்சும். அதைச் சரிக்கட்டச் சோடியம் வந்து ஒட்டியிருக்கும். அம்மோனியம் நைட்ரேட் கரைசலில் போட்டுச் சோடியத்தின் இடத்தில் அம்மோனியத்தை உட்கார வைத்து, திரும்பச் சூடாக்கினால் அம்மோனியா பறந்து போய், ஒரு புரோட்டான் தங்கிவிடும். அதாவது, சந்தின் சுவரிலேயே ஒரு வலுவான அமிலம்.

அமிலம் மட்டும் என்றால் கந்தக அமிலமே போதும். இது ஆள் பார்த்து விடும் அமிலம். சைலீன் என்ற பெட்ரோலிய வேதிப்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்த்தோ, மெட்டா, பாரா என்று மூன்று வகை. பாலியெஸ்டர் துணிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் வேண்டியது பாரா. ஒல்லியான பாரா சந்தில் சரசரவென்று ஓடிவிடும். மற்ற இரண்டும் அகலம், தட்டுத் தடுமாறும். தடுமாறும் நேரத்தில் அமிலத்திடம் சிக்கி, பாராவாக உருமாறி, அப்புறம் வெளியே வரும். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பால் ரத்னசாமி குழு உருவாக்கிய ‘என்சிலைட்’ வினையூக்கியும் சைலீன் வேலைக்கு வந்ததுதான். நியூசிலாந்தின் மோட்டுநுய் ஆலையில் 1980களில் மெத்தனாலைப் பெட்ரோலாக்கியதும் இசட்எஸ்எம்-5தான். சந்தின் அகலத்துக்கு மேல் பெரிய மூலக்கூறு வளர முடியாததால், விளைச்சல் பெட்ரோல் அளவிலேயே நின்றுவிடும்.

ஆலைக்காரர்களுக்கு உறுத்தும் செலவு ஒன்று உண்டு. விலை கொடுத்து வாங்கும் அந்த நான்கு கை மூலக்கூறு கடைசியில் புகையாகிறது. உறைப் படிகத்தையும் சோடியத்தையும் மட்டும் வைத்து, அது இல்லாமலே செய்யும் முறைகள் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் சிலிக்கான், அலுமினியம் விகிதத்தை ஒரு குறுகிய எல்லைக்குள்தான் மாற்ற முடிகிறது. அலுமினியம் மிகக் குறைவாக வேண்டும் என்றால், வாங்கி எரிப்பதுதான் இன்றும் நடைமுறை.