வீட்டு ரோபோவும் கை தூக்கும் கணக்கும்

பேச்சுத்துணைக்கு ஒரு மனித உருவ ரோபோவை வீட்டிலேயே செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது அதன் மூளையைப் பற்றித்தான். தமிழ் புரியுமா, பதில் சொல்லுமா, முகத்தைக் கண்டுகொள்ளுமா? இதற்கெல்லாம் இன்று இலவச மென்பொருள்களே இருக்கின்றன. காசும் பொறுமையும் கரைவது அது கையைத் தூக்கி வணக்கம் சொல்ல வேண்டிய இடத்தில்.

கயேல் லாஞ்ஜ்வான் என்ற பிரெஞ்சுச் சிற்பி 2012-ல் இன்மூவ் என்ற ரோபோவைச் செய்யத் தொடங்கினார். முதலில் வந்தது ஒரு செயற்கைக் கை மட்டும். பிறகு முன்கை, தோள், தலை, மார்பு என்று வளர்ந்து ஆள் அளவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு பாகத்தின் வரைபடக் கோப்பையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி அவர் இணையத்தில் வைத்தார். 12 சென்டிமீட்டர் கனசதுரத்துக்குள் அடங்கும் துண்டுகளாகப் பிரித்திருப்பதால் சின்ன 3டி பிரிண்டரிலேயே அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம். அதன் மூட்டுகள் வேலை செய்யும் விதம் புரிந்தால், வீட்டில் செய்யும் எந்த ரோபோவுக்கும் எங்கே செலவு ஏறும் என்பதும் புரிந்துவிடும்.

மூட்டுகளை அசைப்பது சர்வோ மோட்டார். அந்தச் சிறிய கறுப்புப் பெட்டிக்குள் ஒரு சாதாரண மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும் பல்சக்கரங்கள், கடைசிச் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பத் திரும்ப அளவு மாறும் ஒரு மின்தடை, ஒரு சின்னச் சுற்று ஆகியவை இருக்கும். ஆர்டுயினோ போன்ற கட்டுப்பாட்டுப் பலகை 20 மில்லிநொடிக்கு ஒருமுறை அதற்கு ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. துடிப்பு 1 மில்லிநொடி நீடித்தால் ஒரு கோடி, 2 மில்லிநொடி என்றால் மறுகோடி, 1.5 என்றால் நடு. மின்தடையிலிருந்து ‘இப்போது இங்கே இருக்கிறேன்’ என்ற தகவல் வருகிறது, துடிப்பிலிருந்து ‘அங்கே போ’ என்ற கட்டளை வருகிறது. சுற்று இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும்வரை மோட்டாரை ஓட்டுகிறது. நீங்கள் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினால் வித்தியாசம் மறுபடி தோன்றும், மோட்டார் எதிர்த்துத் தள்ளும். அதனால்தான் ரோபோவின் கை தூக்கிய இடத்திலேயே நிற்கிறது. ஆனால் அப்படிச் சும்மா நிற்கும்போதும் அது மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கிறது, சூடாகிக்கொண்டும் இருக்கிறது.

எவ்வளவு பாரத்தைத் தாங்கும்? இங்கேதான் கணக்கு போட வேண்டும். சர்வோவின் வலுவைக் கிலோ-சென்டிமீட்டரில் சொல்வார்கள். 10 கிலோ-சென்டிமீட்டர் என்றால், அச்சிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்தில் 10 கிலோவையும், 10 சென்டிமீட்டர் தூரத்தில் 1 கிலோவையும் தாங்கும் என்று பொருள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கிறவரால் அதையே கையை நீட்டிப் பிடித்து நிற்க முடியாது அல்லவா, அந்த விஷயம்தான். கையின் நீளம் 25 சென்டிமீட்டர், எடை 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எடையின் மையம் பாதித் தூரத்தில் இருக்கும். 0.4 கிலோவை 12.5 சென்டிமீட்டரால் பெருக்கினால் 5 கிலோ-சென்டிமீட்டர். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எம்ஜி996ஆர் சர்வோ அதிகபட்சம் 9 முதல் 11 வரை தரும் என்று அதன் குறிப்பேடு சொல்கிறது. அது மோட்டார் திணறி நின்றுவிடும் எல்லை. பாதியை நம்பினால் நல்லது. ஆக, இந்தக் கையை அது ஒருவழியாகத் தூக்கிவிடும்.

சரி, ரோபோவை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் இரண்டு மடங்கு வலுவுள்ள மோட்டார் போதுமா? போதாது. நீளம், அகலம், தடிமன் மூன்றும் இரட்டிப்பதால் கையின் எடை 8 மடங்காகிறது. அந்த எடையும் இரு மடங்கு தூரத்தில் தொங்குகிறது. தோளுக்கு வேண்டிய வலு 16 மடங்கு, அதாவது 80 கிலோ-சென்டிமீட்டர். அச்சிட்ட பாகங்களின் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம் என்பதால் நடைமுறையில் இவ்வளவு கறாராக வராது. ஆனாலும் திசை இதுதான். விலையும் கூடவே ஏறும். என்னைக் கேட்டால், முதல் ரோபோவை ஆள் உயரத்துக்குத் திட்டமிடுவதுதான் பலர் பாதியில் கைவிடுவதற்கு வழி. பாதி அளவில் செய்து மேசைமேல் உட்கார வையுங்கள். எதிரே நாற்காலியில் இருப்பவரின் கண்ணுக்கு நேராக அதன் முகம் வந்துவிடும். பேச்சுத்துணைக்கு அதைவிட உயரம் எதற்கு?

ஆள் அளவில் இருந்துகொண்டே இன்மூவ் எப்படிச் சமாளிக்கிறது? தோளில் இருக்கும் பெரிய சர்வோவின் வலுவே சுமார் 24 கிலோ-சென்டிமீட்டர்தான். அதனால் அந்த சர்வோவைப் பிரித்து, உள்ளிருக்கும் மின்தடையை வெளியே எடுத்துத் தோள் மூட்டிலேயே பொருத்திவிடுகிறார்கள். இப்போது மோட்டார் நிற்காமல் பல சுற்று சுற்றலாம். கை எங்கே இருக்கிறது என்ற செய்தி மட்டும் மூட்டிலிருந்து வரும். மோட்டாருக்கும் மூட்டுக்கும் நடுவே, திருகுபோல் மரை வெட்டிய தண்டு ஒன்று பல்சக்கரத்தைத் தள்ளுகிறது. தண்டு ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு பல் மட்டும் நகரும். வேகம் போய் வலு வருகிறது. கூடவே ஒரு லாபம்: தண்டால் சக்கரத்தைத் திருப்ப முடியும், சக்கரத்தால் தண்டைத் திருப்ப முடியாது. மின்சாரம் நின்றாலும் கை பொத்தென்று விழாது.

விரல்களில் இன்னும் அழகான வேலை. உங்கள் முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள், தசை அசைவது அங்கேதான் தெரியும். இன்மூவிலும் அப்படியே. விரல்களுக்குள் மோட்டார் கிடையாது. முன்கைக்குள் ஐந்து சர்வோக்கள் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் உருளையிலிருந்தும் இரண்டு தூண்டில் நரம்புகள் விரல் நுனிவரை ஓடுகின்றன. உருளை ஒரு பக்கம் திரும்பினால் ஒரு நரம்பு இழுத்து விரல் மடங்கும், மறுபக்கம் திரும்பினால் இன்னொன்று இழுத்து நிமிரும். கை நுனியில் எடை குறைவதால் தோளின் சுமையும் குறைகிறது. மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள், நுனியில் குறைக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் தோளில் இரட்டைப் பலன்.

கால்கள் வேண்டாம். நடை என்பது விழாமல் விழுவது, அதற்கு நல்ல மோட்டாரும் வேகமான உணரிகளும் வேண்டும். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவான பாப்பி ரோபோ வெறும் 83 சென்டிமீட்டர் உயரமும் 3.5 கிலோ எடையும்தான். கால்கள் உள்ள அதற்கு விலை கூடிய மோட்டார்களைத்தான் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் மின்சாரம். எம்ஜி996ஆர் திணறும்போது ஒன்றே சுமார் 2.5 ஆம்பியர் இழுக்கும். பத்து சர்வோ ஒரே நேரத்தில் கிளம்பினால் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு 25 ஆம்பியர்வரை போகலாம். சாதாரண கணினி யுஎஸ்பி துளையோ 0.5 ஆம்பியர்தான் தரும். விளைவு: மின்னழுத்தம் சரியும், ஆர்டுயினோ அணைந்து மறுபடி எழும், எழுந்ததும் எல்லா மூட்டையும் அசைக்கும், மறுபடி அணையும். ரோபோ வலிப்பு வந்ததுபோல் உதறும். நிரலில் பிழை தேடி இரவெல்லாம் உட்காருவார்கள், குற்றவாளி மின்சாரமாக இருக்கும். பெயர்ப்பலகை எல்இடி பட்டைகளுக்காகச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் விற்கும் 5 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரப் பெட்டியை சர்வோக்களுக்குத் தனியாகக் கொடுங்கள். அதன் எதிர்மின் (–) முனையைக் கட்டுப்பாட்டுப் பலகையின் கிரவுண்ட் முனையோடு கட்டாயம் இணையுங்கள், இல்லாவிட்டால் துடிப்பை சர்வோ சரியாகப் படிக்காது. எல்லா மூட்டையும் ஒரே கணத்தில் அசைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்புவது இன்னும் நல்லது. பார்க்கவும் இயல்பாக இருக்கும்.

இனி முகம். இங்கே பாரம் இல்லை, அதனால் 9 கிராம் எடையுள்ள எஸ்ஜி90 சர்வோக்களே கண்ணுக்கும் இமைக்கும் போதும். வயோலா, ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2001-ல் வெளியிட்ட முறை, படத்தில் முகத்தைத் தேட இன்றும் நன்றாக உதவுகிறது. கண்பகுதி கன்னத்தைவிட இருண்டிருக்கும், மூக்குத்தண்டு இருபுறத்தையும்விட வெளுத்திருக்கும் என்பதுபோன்ற வெளிச்ச வித்தியாசங்களை அது கட்டம் கட்டமாகச் சோதிக்கிறது. ஒரு கட்டத்தில் தோற்றாலும் அந்த இடத்தைத் தள்ளிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறது, அதனால் சிறிய கணினியிலும் வேகமாக ஓடும். முகம் 15 டிகிரி வலப்புறம் இருப்பதாகத் தெரிந்தால் தலையை ஒரேயடியாக 15 டிகிரி திருப்பக் கூடாது. கேமரா தரும் அடுத்த படம் பழையதாக இருக்கும், ரோபோ இன்னும் திரும்பவில்லை என்று நினைத்துக் கூடுதலாகத் திரும்பும், பிறகு திரும்பிவரும், தலை ‘இல்லை இல்லை’ என்று ஆடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் வித்தியாசத்தில் கால் பங்கு மட்டும் திருப்பினால் சாந்தமாக வந்து நிற்கும். இன்னொன்று, யாராவது கூப்பிட்டால் நாம் பெரும்பாலும் முதலில் கண்ணைத் திருப்புகிறோம், தலை பின்னால் வருகிறது, தலை வர வரக் கண் நடுவுக்குத் திரும்புகிறது. நாலு வரி நிரலில் இதை எழுதிவிடலாம். பத்தாயிரம் ரூபாய் மோட்டாரால் கிடைக்காத உயிர்க்களை இதில் கிடைக்கும்.

பேச்சுக்கு 2022-ல் ஓப்பன்ஏஐ நிறுவனம் திறந்து விட்ட விஸ்பர் என்ற மென்பொருள் தமிழையும் எழுத்தாக்கும். ஆனால் அதன் சிறிய வடிவங்கள் பேச்சுத்தமிழில் அடிக்கடி தடுமாறும், பெரிய வடிவங்கள் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் மெல்லத்தான் ஓடும். எழுத்தாக்கி, பதில் தயாரித்து, குரலாக்கி முடிக்கச் சில நொடிகள் ஆகும். மனிதர்களின் உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வந்த ஆய்வு இதைக் காட்டியது. இந்த ஓட்டையை அடைக்க நம் ஊர்ப் பழக்கமே கைகொடுக்கும். கதை கேட்கிறவர் ‘ம்’ கொட்டுவார் இல்லையா? எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தியதும், சொன்னது இன்னதென்று புரியும் முன்பே, ரோபோ ‘ம்’ என்று தலையசைக்கட்டும். பதில் பின்னால் வரட்டும். கேட்கிறவருக்கு அது யோசிப்பதாகத்தான் தோன்றும்.

மும்பையில் கேந்திரிய வித்யாலயா கணினி ஆசிரியர் தினேஷ் படேல் செய்த ஷாலு என்ற பேசும் ரோபோ 2021-ல் செய்திகளில் வந்தது. அட்டை, மரம், பிளாஸ்டிக், அலுமினியம் என்று கிடைத்ததையெல்லாம் வைத்து, சுமார் 50,000 ரூபாயில் முடித்திருந்தார். மேசைமேல் உட்காரும் பாதி அளவுப் பொம்மைக்கு அவ்வளவுகூட ஆக வேண்டியதில்லை.

துணைக்கு என்று படுக்கை அருகே வைக்கப்போகிற பொருள் என்பதால் இரண்டு சங்கதிகளை ஆரம்பத்திலேயே செய்துவிடுங்கள். இடுக்கில் இருப்பது விரலா வெற்றிடமா என்று சர்வோவுக்குத் தெரியாது, வித்தியாசம் தீரும்வரை அழுத்தும். முழங்கை மடங்கும் இடுக்கில் ஒரு விரல் நுழைய முடியாதபடி இடைவெளியை வடிவமையுங்கள், எல்லா சர்வோவின் மின்சாரத்தையும் ஒரே அடியில் துண்டிக்கும் பெரிய பொத்தானை மேலே வையுங்கள். மைக்குக்கும் கேமராவுக்கும் போகும் மின்கம்பியிலேயே ஒரு சுவிட்சும் ஒரு சிவப்பு எல்இடியும் இருக்கட்டும். மென்பொருளில் அணைத்தால் அது உண்மையில் அணைந்ததா என்று வீட்டில் இருக்கும் பாட்டியால் சோதிக்க முடியாது. கம்பியில் அணைத்தால் விளக்கைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.