முகதாட்சண்யம் இல்லாத இடத்தில்

நேரில் சொல்ல நாக்கூசும் வார்த்தையை ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) ஒருவர் சர்வசாதாரணமாக எழுதிவிடுகிறார். எதிரே இருப்பவரின் முகம் சுருங்குவது கண்ணில் பட்டால் பேச்சு தானாகத் தணியும். முகதாட்சண்யம் என்கிறோமே, அதுதான். திரையில் அந்த முகம் தெரிவதில்லை. இணையத்தில் மனிதர்கள் கட்டவிழ்ந்து போவதற்கு இதையும் ஒரு காரணமாக உளவியலாளர் ஜான் சூலர் 2004-லேயே எழுதினார்.

சரி, மறைந்துபோன முகத்தை எழுத்தால் திரும்பக் கொண்டுவர முடியுமா? சூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொமினிக் ஹங்கார்ட்னரின் குழு கிட்டத்தட்ட இதைத்தான் சோதித்து, 2021-ல் முடிவை வெளியிட்டது. ட்விட்டரில் ஆங்கிலத்தில் இனவெறிப் பதிவு போட்ட 1,350 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்கு, 'இப்படிப்பட்ட பேச்சைப் பார்க்கக் கறுப்பினத்தவருக்கு எவ்வளவு வேதனையாக இருக்கும்' என்ற தொனியில் ஒரு பதில் போனது. சிலருக்கு, 'உங்கள் வீட்டாரும் நண்பர்களும்கூட இதைப் பார்ப்பார்கள்' என்று எச்சரிக்கை. இன்னும் சிலருக்கு ஒரு நகைச்சுவை மீம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மிச்சப் பேரைச் சும்மா விட்டுவிட்டார்கள். அப்புறம் நான்கு வாரம் கவனித்தார்கள்.

பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் நான் எச்சரிக்கையின் மேல்தான் கட்டியிருப்பேன். தோற்றிருப்பேன். எச்சரிக்கையும் மீமும் சொல்லும்படியாக எதையும் மாற்றவில்லை. பரிவான பதில் கிடைத்தவர்கள்தான் பழைய இனவெறிப் பதிவுகளைத் தாங்களே கூடுதலாக அழித்தார்கள். புதிதாகப் போட்டதும் குறைந்தது. விளைவு சிறியதுதான்: அழிப்பதில் 0.2 திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் அளவு), புதுப் பதிவுகளில் 0.1. ஆனால் முன்பின் தெரியாத யாரோ எழுதிய ஒரு வரிக்கு இதுவே அதிகம்.

ஏன் பரிவு மட்டும்? என் கணிப்பு இது. 'நீ இனவெறியன்' என்றால் அவர் தன் மானத்தைக் காக்க மல்லுக்கு நிற்பார். புள்ளிவிவரம் காட்டினால் பதிலுக்கு ஒன்றை எடுத்து நீட்டுவார். 'அவர்களுக்கு வலிக்கும்' என்பதில் பிடித்துச் சண்டை போடக் கொம்பு எதுவும் இல்லை. அது அவரைத் திட்டவும் இல்லை. படிக்கிற ஒருவரின் முகத்தை ஒரு நொடி அவர் கண்முன் நிறுத்துகிறது.

பரிவு பலிக்கிறது என்றதும், 'அப்படியானால் நீங்களே கொஞ்சம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்களேன்' என்று புண்பட்டவர் தலையிலேயே இந்த வேலையையும் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் அரசியல் அறிவியல் ஆய்வாளர் கெவின் மங்கர் 2017-ல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கலாம். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லால் பிறரைச் சீண்டிய வெள்ளையின ஆண்களுக்குப் போலிக் கணக்குகளிலிருந்து அவர் பதில் அனுப்பினார். 'இப்படிச் சீண்டும்போது நிஜ மனிதர்கள் காயப்படுகிறார்கள்' என்பதே சாரம். எல்லாருக்கும் அதே வாக்கியம். மாறியது இரண்டுதான்: கணக்கில் இருந்தவரின் நிறம், அவரைப் பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை. வெள்ளையராகத் தோன்றி, நிறையப் பேர் பின்தொடரும் கணக்கு சொன்னபோதுதான் வசை கணிசமாகக் குறைந்தது. கறுப்பினத்தவராகத் தோன்றிய கணக்கு அதையே சொன்னபோது அந்த அளவுக்கு எடுபடவில்லை.